மூன்றாம் வரிசைச் சிரிப்பு

சிரிக்கத் தெரிந்த பிள்ளை என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. விசேஷ வீடுகளில் யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால், "இவளப் பக்கத்துல ஒக்கார வைங்கப்பா, அப்பத்தேன் களை கட்டும்" என்று இன்றைக்கும் என்னை இழுத்து உட்கார வைப்பார்கள். நானும் மறுக்காமல் சிரித்து வைப்பேன். அலுவலகத்தில் மேலதிகாரி சொல்கிற துணுக்குகளுக்குக்கூட முதலில் சிரிப்பவள் நான்தான். அதனால் எனக்குச் சில சௌகரியங்களும் உண்டு, பொய் சொல்வானேன். இது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் மழுப்பிவிடுவேன். ஒரு சிமெண்ட் முதலைக்கு எதிரே உட்கார்ந்து பழகியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. அம்மாவுக்குத் தேனியில் ஆஸ்பத்திரி வேலை, அப்பாவுக்குப் பஸ் டிப்போவில் வேலை. என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்று உத்தமபாளையத்தில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் அத்தையும் மட்டும்தான்.

மாமாவைப் போல வாய் திறக்காத மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் "எந்திரிச்சுட்டியா?", சாயங்காலம் "சாப்ட்டியா?", அப்புறம் "படு". இந்த மூன்று வார்த்தைகளில் அவருடைய நாள் முடிந்துவிடும். அத்தை பேசுவார். ஆனால் பதில் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசுவார். "கொழம்புல உப்புக் கூடிருச்சோ?" என்று கேட்பார். மாமா தட்டைப் பார்த்தபடியே தலையை ஒரு மாதிரி ஆட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

மாமாவுக்குப் பார்க்கில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். பேசாத ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை வேறு என்ன இருக்கிறது?

நான் போன இரண்டாவது வாரம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். மாமா வேலைக்குப் போய்விட்டதால் அத்தையும் நானும் மட்டும் போனோம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் அத்தையையே உற்று உற்றுப் பார்த்தார். பிறகு மண்டபமே கேட்கிற குரலில், "ஏத்தா, அந்த முதல துப்புன பொண்டாட்டி நீதேனா? ஒம் புருசன் படகுல ஒன்னையப் பத்திச் சொல்லிச் சொல்லி எங்க வயித்தப் புண்ணாக்கிட்டாருத்தா!" என்றார்.

பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு வந்தவர்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் எல்லோரும் சிரிக்கும்போது நாம் மட்டும் சும்மா இருப்பது மரியாதையில்லை என்று நானும் சிரித்தேன். எங்கள் அத்தையை ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அத்தை பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டார். எனக்குப் பாயசம் போனதில் வருத்தம்தான்.

மறுநாள் காலையில் அத்தை ஒரு பையில் நாலைந்து சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டார். "அம்மாவப் பாத்துட்டு வாரேன், மாமாகிட்டப் படுத்தாம இருந்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பொட்டிப்புரத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். மாமா வாசலில் நின்றார். அவர் ஏதோ சொல்லப்போகிற மாதிரி எனக்குப் பட்டது. ஆட்டோ தெரு முனை திரும்புகிற வரைக்கும் அப்படியேதான் நின்றார்.

என்னை வீட்டில் விட முடியாமல் மாமா பைக்கில் பார்க்குக்குக் கூட்டிப்போனார். கம்பம் போகிற ரோட்டில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அது. முதலாளி ஒரு திராட்சை விவசாயி. எங்கோ வெளியூரில் இப்படி ஒரு படகுச் சவாரியைப் பார்த்துவிட்டு வந்து, தன் தோட்டத்துக் குட்டையை வளைத்து வளைத்து வெட்டி ஆறு மாதிரி ஆக்கிவிட்டார். கரையில் சிமெண்ட்டில் ஒரு நீர்யானை, ஒரு யானை, ஒரு முதலை. கடைசித் திருப்பத்தில் மோட்டார் வைத்து விழுகிற அருவி. தேக்கடி பார்க்கப் போகிற வண்டிகளும் பார்த்துவிட்டுத் திரும்புகிற வண்டிகளும் நின்று ஒரு சுற்றுப் போய்விட்டுப் போகும். தகரக் கூரை போட்ட தட்டைப் படகு. ஆறு வரிசை, வரிசைக்கு நாலு பேர். மொத்தமே பன்னிரண்டு நிமிஷம்.

நான் படகில் உட்கார்ந்தேன். காக்கித் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவர் மைக்கோடு முன்னால் வந்து நின்றார். மாமாதான். ஆனால் மாமா இல்லை.

"வாங்க வாங்க! அமேசானுக்குப் போவோமா? பாஸ்போர்ட் இல்லாதவுக இப்பவே எறங்கிக்கங்க!" என்று அவர் முழங்கியபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது பேசுகிறார்களா என்று. நீர்யானை வந்தது. "இது முந்தி யானையாத்தேன் இருந்துச்சு. டாக்டரு ஒடம்பக் கொறைக்கணும், தண்ணிக்குள்ள நீச்சலடின்னு சொல்லிட்டாரு. நாலு வருசமா அடிக்கிது. தும்பிக்கை மட்டுந்தேன் கொறஞ்சிருக்கு!"

எனக்குப் பீறிட்டுக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் படகு முழுக்கச் சிரித்தது. மாமா என்னை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தார்.

யானை வந்தது. "கரண்டு இருந்தாத் தண்ணி பீச்சும், இல்லாட்டி நம்மள மொறைக்கும்." அதற்கும் சிரிப்பு. முதலை வந்தது. வாயைப் பிளந்தபடி கரையில் பாதி, தண்ணீரில் பாதியாகக் கிடந்தது. மாமா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இது முதல. சிமெண்ட்டு" என்றார். அவ்வளவுதான். படகு நகர்ந்துவிட்டது.

"அண்ணே, என்னண்ணே பொண்டாட்டி கதைய விட்டுட்டீக? அதுக்குத்தான மதுரையில இருந்து வந்திருக்கோம்!" என்று ஒருவர் சத்தம் போட்டார். மாமா காதில் விழாதவர் மாதிரி அருவிக்குப் போய்விட்டார்.

அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் படகு ஓட்டுகிற அண்ணன். கதை ஒரே நாளில் உண்டானதில்லையாம். முதலில் மாமா, "இந்த முதல போன வாரம் எம் பொண்டாட்டிய முழுங்கிருச்சு" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் யாரோ ஒருவர், "அப்புறம் எப்படிய்யா திரும்பக் கெடச்சாக?" என்று கேட்க, மாமா அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாராம்: "மூணாம் நாளு முதலையே கொண்டாந்து விட்டுட்டுப் போயிருச்சு." படகு ஆடியதாம். அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண், "ஏன் விட்டுச்சு?" என்று கேட்டதாம். "இவ பேச்சக் கேட்டுக் காது போச்சு சாமின்னு சொல்லிக் கும்பிட்டுச்சு." கோயில் பார்க்க வந்த ஒரு பெரியம்மா உண்மையாகவே பதறிப்போய், "பாவம்யா, பல்லு கில்லு பட்டுக் காயமாச்சா?" என்று கேட்க, அதற்கும் ஒரு பதில் சேர்ந்துகொண்டது. இப்படி ஏறினவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு கைப்பிடி போட்டுச் செய்த கதை அது. சேட்டன்மார் வந்தால் மலையாளம் கலந்து சொல்வாராம். முதலைக்கு அங்கேயும் முதலைதான் என்பதால் சிரமமில்லை.

"ஒங்க மாமா பேசுனா முதலையே வாயப் பொளந்து கேக்கும் பாப்பா. பாரு, இன்னும் மூடல" என்றார் அண்ணன்.

எனக்குத் தலை சுற்றியது. அத்தை எங்கே அதிகம் பேசினார்? அத்தை பேசியதில் பாதிக்கு மேல் கேள்வி. காது போகிற அளவுக்குப் பேசுகிறவர் மாமாதானே, இங்கே? கல்யாண வீட்டில் அந்த அம்மாள் சொன்னது இதைத்தான் என்று புரிந்தது. ஆனால் இதற்கு எதற்கு இலையை மூட வேண்டும் என்பது புரியவில்லை.

அன்று டீக்கடையில் எனக்குப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு மாமா பேசினார். மைக் இல்லாமல் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சனம் ஒரு ஜோக்கக் கேட்ட ஒடனே சிரிக்காதுத்தா. பக்கத்து ஆளு சிரிக்கிறாகளான்னு பாக்கும். அவுக இவுகளப் பாப்பாக. பாத்துக்கிட்டே இருந்து கரைக்கு வந்துருவாக. ஒருத்தர் ஆரம்பிச்சு விட்டாப் போதும். நீ நல்லாச் சிரிக்கிற."

மறுநாளிலிருந்து எனக்கு மூன்றாவது வரிசையில் ஓரத்து இடம். முதல் வரிசையில் சிரித்தால் மற்றவர்களுக்கு முதுகுதான் தெரியும். கடைசி வரிசைக்குப் பக்கத்திலேயே இன்ஜின், அங்கே சிரித்தால் ஒருவருக்கும் கேட்காது. மூன்றாவது வரிசை என்றால் முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் காதிலும் விழும். இதெல்லாம் மாமா யோசித்து வைத்திருந்த கணக்கு. ஏறுகிற ஆட்களைப் பார்த்து வார்த்தைகளை மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதால் எந்த வார்த்தைக்குச் சிரிப்பது என்று எனக்குச் சொல்லிவைக்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். மைக் எப்போதும் வலது கையில் இருக்கும். இடது கைக்கு மாறினால் நான் சிரிக்க வேண்டும். எனக்கு விளங்கினாலும் சரி, விளங்காவிட்டாலும் சரி.

இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இருபத்து மூன்று பெரியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிப்பது எட்டு வயதில் சாதாரண விஷயமா என்ன? ஒவ்வொரு சுற்றிலும் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மலையும் தெரியாது, திராட்சைத் தோட்டமும் தெரியாது.

முதலையிடம் மட்டும் மாமாவின் கை மாறவே மாறாது. கதையை விட்டுவிடத்தான் அவர் பார்த்தார். ஜனங்கள் விடவில்லை. ஏற்கெனவே வந்து போனவர்கள் புதியவர்களிடம், "பாரு, இப்பப் பொண்டாட்டிய முழுங்குவாரு" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். சொல்லாமல் போனால் இறங்கும்போது முகம் தொங்கிப்போகும். முதலாளி கூப்பிட்டு, "முதல கதை இல்லாட்டி அப்புறம் படகு எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு நாள் மாமா, "இந்த முதல எம் பொண்டாட்டிய முழுங்கிருச்சு" என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம்?" என்று கூட்டம் கேட்டது.

"இன்னும் திரும்பி வரல" என்றார் மாமா.

மைக் வலது கையிலேயேதான் இருந்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அதுவரைக்கும் கேட்காத அளவுக்குப் படகு சிரித்தது. என் உதவி இல்லாமலே சிரித்துவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. அன்றிலிருந்து எல்லாச் சுற்றிலும் அதையே கேட்டார்கள். மாமாவும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு முகத்தை அருவிப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தால் பழைய மாமா. பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாங்கிவந்த சால்னாவில் உப்புக் கூடியிருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. எனக்கு அத்தையின் நினைவு வரும். அப்போது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: மாமாவைப் பேச வைப்பது அந்த மைக்தான். அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மாமாவிடம் கேட்டும் பார்த்தேன். "மைக்க வீட்டுக்குக் கொண்டாருவோமா மாமா?"  அவர் என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் பரோட்டாவை என் பக்கம் நகர்த்தினார்.

இதற்கிடையில் அம்மா பொட்டிப்புரம் போய் அத்தையைப் பார்த்துப் பேசியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அத்தை அழவும் இல்லையாம், சண்டை போடவும் இல்லையாம். "வீட்டுல எனக்கு ஒரு வார்த்த பேச வலிக்கிது அவுகளுக்கு. ஊருக்கெல்லாம் என்னைய வச்சுச் சிரிப்புக் காட்டுறாக. நான் வாரேன் மதினி. ஆனா வீட்டுல வந்து கூப்ட வேணாம். எந்தப் படகுல, எந்த மைக்குல என் மானத்த வாங்குனாகளோ, அந்தப் படகுலயே, அந்த மைக்குலயே, நாலு பேரு முன்னாடி சொல்லட்டும், சொன்னது பொய்யின்னு. அன்னைக்கே பையத் தூக்கிட்டு வந்துருறேன்" என்றாராம். மாமா ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

என்னிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. "ஞாயித்துக்கெழம ஒங்க அத்தை படகுக்கு வாராக" என்று மட்டும் மாமா சொன்னார். எனக்கு நிலைகொள்ளவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாமா தன் சட்டையைத் தானே தேய்த்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. புது ஜோக் தயாராகிறது என்று நினைத்தேன். அத்தை வருகிறாரே, நன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அத்தை தன் தம்பியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். துணிப்பை கையில் இருந்தது. எடுத்துக்கொண்டு போன அதே பை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "எளச்சுட்டியே, பரோட்டாவாத் திங்கிறியா?" என்று கன்னத்தைத் தடவினார். என் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டேன். "நீ ஒக்காருத்தா, நாங்க பின்னால இருந்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தேக்கடி போய்விட்டுத் திரும்புகிற ஒரு வேன் கூட்டம் படகை நிறைத்திருந்தது. மஞ்சள் டீசர்ட் போட்ட ஒரு பெரிய உருவம் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "நான் ரெண்டு தடவ வந்திருக்கேன், முதல வரட்டும் பாருங்க" என்று எல்லோருக்கும் ஆசை காட்டிக்கொண்டிருந்தது.

மாமா தொப்பி போடாமல் வந்தார். நீர்யானையிடம் பாதி வரியை விழுங்கிவிட்டார். கை மாறாததால் நான் சும்மா இருந்தேன். படகும் சும்மா இருந்தது. யானைக்கும் அப்படியே. இன்றைக்கு மாமாவுக்கு என்ன ஆயிற்று, அத்தை முன்னால் மானம் போகிறதே என்று நான் தவித்துப்போனேன். எப்போது கை மாறும் என்று கண் கொட்டாமல் பார்த்தேன்.

முதலை வந்தது. மாமா கண்ணைக் காட்ட, அண்ணன் படகை மெதுவாக்கினார். இன்ஜின் மட்டும் பின்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த முதல யாரையும் முழுங்கல" என்றார் மாமா.

ஒரு சின்னச் சலசலப்பு. மஞ்சள் டீசர்ட் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தது.

"இத்தன நாளா நான் சொன்னது அம்புட்டும் பொய்யி. எம் பொண்டாட்டி அதிகம் பேசுறவுக இல்ல. பேசாதவன் நாந்தேன். வீட்டுல அவுககிட்டப் பேச வேண்டியத எல்லாம் சேத்து வச்சு, இங்கன வந்து, பேரு ஊரு தெரியாத ஒங்ககிட்டப் பேசிட்டுப் போறேன். அவுக இப்ப இந்தப் படகுலதேன் இருக்காக. எல்லாரு முன்னாடியும் நான் அவுககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

 வெயிலில் கை வேர்த்திருக்க வேண்டும், மைக் வழுக்கியது. அவர் மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

நான் சிரித்தேன்.

காத்திருந்து காத்திருந்து வந்த கட்டளை. அதனால் என்றைக்கும் இல்லாத அளவுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதல் வரிசை திரும்பி என்னைப் பார்த்தது. அதுவரைக்கும் இது என்ன மாதிரிப் பேச்சு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அப்பாடா என்று ஆகிவிட்டது. படகே அதிர்ந்தது. "எங்கப்பா, எங்க பொண்டாட்டி?" என்று மஞ்சள் டீசர்ட் எழுந்து நின்று தேடியது. "நடிக்க ஆள் கொண்டாந்து உக்கார வச்சிருக்காகடி" என்று என் பின்னால் ஒரு அம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாமா வாயைத் திறந்தபடி நின்றார். என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசி வரிசையைப் பார்த்தார். அவர் கேட்க வந்ததைக் கேட்டிருக்கலாம். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு வருடமாகச் சிரிப்பு வந்தால் அதன் மேல் ஏறி அடுத்த வரியைச் சொல்லியே பழகிய வாய் அது. அவருடைய முகம் படகு முகமாக மாறுவதை நான் பார்த்தேன்.

"பாத்தீகளா, நெசத்தச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறீக! அந்த முதல மட்டுந்தேன் நம்புது. அதிர்ச்சியில வாய மூடாமக் கெடக்கு பாருங்க!"

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. அருவி வந்து போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. நான் வெற்றிக் களிப்போடு திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே குனிந்திருந்தார். அவர் தம்பி எங்கோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் எல்லோரும் மாமாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அத்தை கடைசியாக இறங்கினார். என் அருகில் ஒரு நொடி நின்று, என் காதோரம் விழுந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார். மாமா மைக்கைப் பிடித்தபடி அங்கேயேதான் நின்றார். அத்தை அவரைப் பார்க்காமல் ஆட்டோவுக்கு நடந்தார். பையும் ஆட்டோவில் ஏறியது. வீட்டுக்கு வரப்போகிறவர் எதற்குப் பொட்டிப்புரம் போகிற பக்கம் திரும்புகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் ஒன்றும் பேசாததால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நான் சரியான எடத்துலதான மாமா சிரிச்சேன்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஆமாத்தா" என்றார். "சரியான எடத்துலதேன் சிரிச்ச."

அத்தை பிறகு வந்துவிட்டார். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து, நான் தேனிக்குப் போய், காலாண்டுப் பரீட்சையே முடிந்துவிட்டது. எப்படி வந்தார், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது இன்று வரைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. மாமா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பொட்டிப்புரம் போனார் என்றும், மைக்கும் கூட்டமும் இல்லாமல் சாயங்காலம் வரைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்றும் அம்மா சொல்லுவார். அதற்குப் பிறகு முதலை கதை மாறிவிட்டது. முதலை இப்போது மாமாவைத்தான் முழுங்கியது. மூன்றாம் நாள் அத்தையிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு, "உள்ள வந்தும் ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறாரு, எனக்குப் பொழுது போகல, நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாம். அந்த வரி அத்தை எழுதிக் கொடுத்தது என்பது என்னுடைய ஊகம். கேட்டால் இரண்டு பேரும் வாயைத் திறப்பதில்லை. அத்தைக்கு என் மேல் எந்தக் கோபமும் இல்லை. எனக்குத்தான் அவர் முன்னால் சத்தமாகச் சிரிக்க இன்றைக்கும் கூசுகிறது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா சட்டையைக்கூட மாற்றாமல் உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். படகு முழுக்கச் சிரித்தது. மஞ்சள் டீசர்ட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, அதனால்தான் வீட்டுக்கும் வரவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று யோசிக்க யோசிக்க எனக்கு விளங்கிவிட்டது. அவர் உட்கார்ந்திருந்தது கடைசி வரிசை. பக்கத்தில் இன்ஜின். என் சிரிப்பு அங்கே எட்டவில்லை.

உடனே எழுந்துபோய் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டேன். சீப்பை எடுத்து மைக் மாதிரி வலது கையில் பிடித்தேன். இடது கைக்கு மாற்றினேன். சிரித்தேன். போதவில்லை. மறுபடியும் வலது கை, இடது கை, சிரிப்பு. உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. நிறுத்து என்று மாமா சொல்லவில்லை, அவர் புரண்டு படுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தை அடுத்த தடவை வரும்போது கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று, நான் மாமாவின் காதிலும் விழும்படி இன்னும் சத்தமாகச் சிரித்துப் பழகிக்கொண்டே இருந்தேன்.